ராணி கன்னத்துத் தேய்மானம்

“மூவாயிரம் தாறேன்” என்றார் சுயம்புராஜ்.

பெமிலாவுக்குத் தப்பாகக் கேட்டதோ என்று தோன்றியது. தோளில் கிடந்த எட்டு மாதக் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“முப்பதா, மூணா அண்ணாச்சி?”

“மூணு.”

கோட்டாற்றில் பழைய காசு வாங்கி விற்கும் கடை அது. மாமியார் தங்கபாய் கல்யாணத்தன்று கையில் வைத்துக் கொடுத்த விக்டோரியா ராணி வெள்ளி ரூபாயைப் பத்து நாளைக்கு முன் போட்டோ எடுத்து இவருக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். ‘முப்பத்தைந்தாயிரம் தரலாம், நேரில் கொண்டு வாங்க’ என்று பதில் போட்டவரும் இவர்தான்.

திருவனந்தபுரத்தில் குழந்தை அபினேஷின் ஆபரேஷனுக்கு, காப்பீடு போக மீதி கட்ட வேண்டியது ஏறக்குறைய அதே தொகை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கல்ஃபில் இருக்கும் கணவன் ஷாஜனுக்கு மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை.

போனை எடுத்து நீட்டினாள். “நீங்க போட்ட மெசேஜ்தானே இது?”

“நான் போட்டதுதான் மக்ளே.” அவர் காசை லென்சுக்கு அடியில் இன்னொரு முறை திருப்பினார். குழல் விளக்கு வெளிச்சத்தில் அது பளீரென்று மின்னியது. “இதை யாரு விளக்கினது?”

“நான்தான். போட்டோவுல பாத்தீங்கல்லா, ஓரமெல்லாம் நீலமும் கறுப்புமா பாசி புடிச்ச மாதிரி. அப்படியே கொண்டாந்து உங்க முன்னால வைக்க மனசு வரல. சபையில திருவிருந்துக் கிண்ணம் விளக்கத் திருநீறு வாங்கி வச்சிருப்போம். அதைப் போட்டு நாலு மட்டம் தேச்சேன்.”

நீலம் என்றாலே அவளுக்குப் பயம். அழும்போது அபினேஷின் உதட்டில் ஏறுகிற நிறம் அது.

“வேதக்கார வீட்டுல திருநீறா? கொள்ளாமே, நல்லாயிருக்கே” என்று சிரித்தார் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவர்.

சுயம்புராஜ் சிரிக்கவில்லை. தோளில் மூச்சு வாங்கிக் கிடந்த குழந்தையைப் பார்த்து, “பிள்ளைக்கு என்ன?” என்று கேட்டார்.

“இதயத்துல ஓட்டை. இந்தக் காசைத்தான் நம்பியிருக்கோம்.”

அவர் லென்சை வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“போட்டோவுல நான் தப்பாப் பாத்துட்டேன். ராணி கன்னத்துல தேய்மானம் இருக்கு. கிரேடு ரொம்பக் கீழ. எனக்க பிழைதான்.”

“பத்து நாள்ல ராணிக்கு வயசாயிட்டோ?”

“அவளுக்கு எரநூறு தாண்டியாச்சுல்லா” என்றார் ஓரத்துக்காரர்.

“லென்சைத் தாங்க, நான் பாக்கேன்.”

கொடுத்தார். கண், மூக்கு, கிரீடம் எல்லாம் அச்சடித்த மாதிரித் தெரிந்தன. கழுத்து மணியைக்கூட எண்ணலாம் போலிருந்தது.

“எங்க தேய்மானம்? காட்டுங்க.”

“பழக்கமில்லாதவங்களுக்குத் தெரியாது மக்ளே.”

“தெரியாதவன்னுதானே பத்துல ஒரு பங்கு சொல்லுதீங்க. கைப்பிள்ளைக்காரி, எப்படியும் தந்துட்டுத்தான் போவான்னு நினைச்சாச்சு.”

அவர் லென்சைத் திருப்பி வாங்கி மேசை டிராயருக்குள் வைத்தார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

“நல்ல கள்ளன்” என்றாள். கன்னியாஸ்திரிகளிடம் பத்து வருடம் படித்தவள், யாரையும் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னதில்லை.

“கள்ளன்னே வச்சுக்கோ. அஞ்சாயிரம் தாறேன். வேற கடை ஏறி இறங்காதே.”

“மூணு அஞ்சாயாச்சு. இன்னும் நாலு வார்த்தை ஏசினா பத்தாவும்போல.” காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். “வடசேரியில பழைய காசு வாங்குற சிஜின் கடையில காட்டுதேன். உங்க வண்டவாளம் தெரியட்டும்.”

“அங்க வேண்டாம் மக்ளே” என்று அவர் வாசல் வரை எழுந்து வந்ததை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சிஜினுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காசைக் கையில் எடுத்ததுமே உதட்டைப் பிதுக்கினான்.

“தேச்சிட்டீங்களே அக்கா.”

“அழுக்கா இருந்துச்சு.”

“அழுக்கில்ல. வருஷக்கணக்காக் காகிதத்துக்குள்ள கிடந்து தானா ஏறுற நிறம். காசு சேக்குறவங்க அந்த நிறத்துக்குத்தான் விலை கொடுக்கது. கள்ளத்தனமா நிறம் ஏத்தி விக்க ஆளிருக்கு, தெரியுமா? விளக்கியாச்சுன்னா வெறும் வெள்ளி. ரெண்டாயிரம் போகும்.”

போட்டோவைக் காட்டினாள். அவன் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

“இப்படியே கொண்டு வந்திருந்தா, முப்பத்தஞ்சு நானே தந்திருப்பேன்.”

குழந்தை அவள் கம்மலைப் பிடித்து இழுத்தது. வலித்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அந்த நிறம் திரும்ப வராதா தம்பி?”

“வரும்க்கா. இன்னும் ஒரு எழுபது வருஷம் ஆகும்.”

சார்ஜில் கிடந்த போன் அடித்தது. அவனுக்கு ஒரு கையில் காசு, மறு கையில் லென்ஸ். சுண்டுவிரலால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

“சொல்லுங்க சுயம்புராஜ் அண்ணாச்சி.”

“எத்தனை மட்டம்லே அடிக்கது, எடுக்க மாட்டியா?” அவருக்கு மூச்சு வாங்கியது. “கைப்பிள்ளையோட ஒருத்தி அங்க வருவா. விலை இல்லன்னு மட்டும் சொல்லு. விளக்கினதாலன்னு சொல்லிராதே. என்னைக் கள்ளன்னு ஏசிட்டுப் போயிருக்கா, அப்படியே நினைச்சுக்கட்டும். பிள்ளைக்க ஆபரேஷன் பணத்தைத் தன் கையாலேயே தேச்சு அழிச்சிட்டோம்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.”