அவர் குடம்

தாராவிக் குழாயடியில், வரிசையில் நிற்கிற ஆளுக்கு ஒரு குடம் என்பது சட்டம். பக்கவாதம் வந்து பிரம்மநாயகம் விழுந்த அன்றோடு அவர் குடம் நின்றுபோயிற்று. மூன்று மாதம் கழித்து, இன்று காலை மனைவி செண்பகவல்லி அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து வரிசையில் முக்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறாள். பக்கத்தில் இரண்டு குடங்கள். அவர்கள் முறை வந்துவிட்டது. "உக்காந்திருக்கவுகளுக்குக் குடம் கிடையாது மைனி," என்கிறாள் வரிசையை ஒழுங்கு பார்க்கும் ஆறுமுகத்தாய். "யாரு உக்காந்திருக்கா?" என்று செண்பகவல்லி தன் தோளை அவருடைய வலது அக்குளுக்குள் கொடுக்கிறாள். அவர் இடது கையால் குழாயைப் பற்றி எழுகிறார். வலது பாதம் உள்பக்கம் திரும்பி ஈரக் கல்லில் அழுந்துகிறது. வேட்டி நடுங்குகிறது. தகரக் கூரை இடுக்கில் இறங்கும் வெயில் குடத்தின் பித்தளை விளிம்பில் பட்டு, கோணிய அவர் வாயோரம் அசைகிறது. தண்ணீர் நூலாகத்தான் விழுகிறது. "ஜல்தி, ஜல்தி," என்று பின்னாலிருந்து ஒரு குரல் அவசரப்படுத்துகிறது. அவர் குடம் பாதி நிறையும்போது ஆறுமுகத்தாயின் குரல் தணிகிறது. "போதும் மைனி, அண்ணாச்சிய உக்காரச் சொல்லுங்க. மிச்சத்த நான் பிடிச்சுத் தாரேன்." செண்பகவல்லியின் தோளில் அவர் பாரம் கூடிக்கொண்டே போகிறது. பிரம்மநாயகம் குழாயை விடாமல், இல்லையென்று தலையை ஆட்டுகிறார். "பாத்தீகளா?" என்கிறாள் செண்பகவல்லி. "அவுக குடம். அவுகதான் பிடிப்பாக."