முழு உருவம்

மாதா படத்தின் மேல் தொங்கிய வெள்ளித் தகடுகளுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார் ஸ்டமாட்டிஸ். பூசை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அந்தக் கிரேக்கக் கிராமத்தில் யாருக்கு எந்த உறுப்பில் நோவோ, அந்த உறுப்பைத் தகட்டில் வாங்கி மாதாவுக்கு மாட்டிவிடுவார்கள். கண், கால், காது என்று ஊராரின் வேண்டுதலெல்லாம் அவர் விரல்பட்டுச் சலசலத்தது.

தேடியது கிடைத்தது. ஆனால் அதே கொக்கியில், நீலக் கம்பளி நூலில் கட்டிய ஆண் உருவம் ஒன்று மறித்தது. அதை எரிச்சலோடு ஒதுக்கிவிட்டு, தான் தேடிய தகட்டைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டார்.

“அடப்பாவி! மாதா கண்ணு முன்னாலயே திருடுறியா?”

மெழுகுவத்தி விற்கும் கலியோப்பி, கையில் விளக்குமாறோடு நின்றார். ஸ்டமாட்டிஸுக்குத் தலை நரைத்துவிட்டாலும் கலியோப்பிக்கு அவர் இன்னும் பக்கத்து வீட்டுப் பொடியன்தான்.

“கத்தாதக்கா. இது நான் மாட்டினது.”

“மாதாவுக்குக் குடுத்தப்புறம் உன்னோடது என்ன, என்னோடது என்ன? எடு வெளிய.”

எடுத்தார். பெண்ணின் மார்பு மட்டும் பொறித்த சின்னத் தகடு. சில வருடங்களுக்கு முன், அவர் மனைவி எவாந்தியாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை செய்தபோது இதே கலியோப்பியிடம் வாங்கி மாட்டியது.

“முழுப் பொம்பளை உருவமா வாங்குடான்னு நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் பெரிய இவனாட்டம்...”

“‘மத்ததெல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது, முக்கியமா வாய்’னு சொல்லிச் சிரிச்ச. மறக்குமா?”

“மார்பை மட்டும் கேட்டேன். மாதா மார்பை மட்டும் பாத்துக்கிட்டா.” ஸ்டமாட்டிஸ் தகட்டைக் கட்டைவிரலால் தேய்த்தார். “இப்ப முதுகெலும்புல வந்திருக்குக்கா.”

கலியோப்பி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

“போன வாரம் டாக்டர் என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னாடியே ரெண்டொரு புத்துநோய் செல் ரத்தத்தோட போய் எலும்புல ஒளிஞ்சிருக்குமாம். இத்தனை வருஷம் தூங்கிட்டு இப்ப முழிச்சிருக்காம். எலும்புல இருந்தாலும் அதே மார்புப் புத்துநோய்தானாம். மருந்து குடுத்து அடக்கி வைக்கலாம், அடியோட துரத்த முடியாதாம். யார் மேலயும் தப்பில்லன்னார்.”

“அதான் சொல்லிட்டாரே.”

“அவருக்கென்ன தெரியும்? ஆலிவ் பறிக்கறப்ப முதுகு வலிக்குதுன்னா. ‘இந்த ஊர்ல யாருக்குத்தான் வலிக்கல’ன்னேன். சாராயத்தைப் போட்டுத் தேச்சுவிட்டு, மறுநாளும் மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனேன். எண்ணெய் ஆட்டி முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி போலாம்னு தள்ளிப் போட்டவன் நான்தான்.”

அந்த வார்த்தைகளைச் சொல்லும்போதே அவருக்குத் தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது. ஒரு வாரமாக அவர் சரியாகத் தூங்கவில்லை.

“எவாந்தியாவுக்குத் தெரியுமா?”

“மூச்சு விடலையே! எலும்புத் தேய்மானம்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பிட்டா, பாவம். ரொம்ப நேரம் நிக்க முடியலன்னு என்னை அடுப்புகிட்ட நிறுத்தி மொச்சைக்கொட்டை சூப் வைக்கக் கத்துக் குடுக்கறா. உப்பு கூடிப்போச்சுன்னு திட்டு வேற. தெரிஞ்சிருந்தா இப்படிச் சண்டை போடுவாளா?”

கலியோப்பி மெழுகுவத்தித் தட்டில் சிந்தியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஸ்டமாட்டிஸ் இன்னொரு பையிலிருந்து புதுத் தகடு ஒன்றை எடுத்தார். கலமாட்டா டவுனில் கடை கடையாக ஏறி வாங்கியது. தலை முதல் கால் வரை முழுப் பெண். “இந்தத் தடவை ஒரு விரல் நகத்தைக்கூட விடல. முழுசாக் கேக்கறேன்” என்று எட்டிக் கொக்கியில் மாட்டப் போனார். இந்தக் குளிருக்கு எவாந்தியா பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டரின் கை கொக்கியில் சிக்கிக்கொண்டது. ஆண் தகடு மறுபடியும் குறுக்கே வந்து ஆடியது.

“இவனுக்கு என்ன கேடு? முழுசாத்தானே இருக்கான்! இவனை வேற எங்கயாவது தொங்க விடுக்கா.”

“அதைத் தொடாத.”

“ஏன், அவ்வளவு பெரிய ஆளா?”

“யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். மாதா என்னை மன்னிக்கட்டும்.” கலியோப்பி முந்திக்கொண்டு வந்த கண்ணீரைத் துடைத்தார். “ஆலிவ் பறிக்க மரத்தடியில வலை விரிக்கறதுக்கு முந்தின நாள், ஒருத்தி டவுன் ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்க வந்தா. எண்ணெய் ஆட்டி முடிஞ்சப்புறம் வீட்டுக்காரர்கிட்ட சொன்னாப் போதும், தனக்குத் தெரியும்னு காட்டிக்க வேணாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டாளாம். தனக்குன்னு ஒண்ணுமே கேக்கல. ‘ஒரு சூப்கூட வைக்கத் தெரியாத மனுஷனை விட்டுட்டுப் போகப் போறேன், மாதாவே, நீதான் பாத்துக்கணும்’னு சொல்லி அழுதுட்டு இதை மாட்டினா.”

ஸ்டமாட்டிஸ் தகட்டைக் கட்டியிருந்த நீல நூலைப் பார்த்தார். பிறகு, கொக்கியில் சிக்கியிருந்த தன் ஸ்வெட்டர் கையைப் பார்த்தார்.

“ஆமாண்டா ஸ்டமாட்டி, அந்த ஆம்பளை நீதான்.”