நாக்கு எட்டாத இடம்

"வாந்தி எடுக்க வைக்கலையே?" என்றார் கால்நடை மருத்துவர்.

"இல்ல டாக்டர். ஈரத் துணியால வாயைத் துடைச்சேன். கொஞ்சம் பால் வச்சேன்."

"நல்லது. மருந்து அட்டை?"

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். தெள்ளுப்பூச்சிக்காக நாயின் பிடரியில் விடும் சொட்டு மருந்து. வயிற்றுக்குள் போகக் கூடாதது. மேஜைமேல் நின்ற கறுப்பியின் வாயிலிருந்து நுரை நூல் நூலாக வழிந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் மாமியார். நாயின் சங்கிலியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். "என் பொண்ணு போய் மூணு மாசம் ஆச்சு. அவ மடியில வளர்ந்தது இது. இவர்கிட்ட விட்டா இதுவும் போயிடும். இன்னைக்கே நான் கூட்டிட்டுப் போறேன்."

மருத்துவர் பிடரி மயிரை விலக்கிப் பார்த்தார். "சரியான இடத்துலதான் விட்டிருக்கீங்க. இங்க அதோட நாக்கு எட்டாதே! டியூபைக் கடிச்சுதா?"

"இல்ல."

"வீட்டுல வேற நாய் இருக்கா?"

"இல்ல."

"அப்ப உள்ள எப்படிப் போச்சு? எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சாத்தான் வீட்டுக்கு அனுப்புறதா, இங்கயே வச்சுக்கறதான்னு சொல்ல முடியும்."

அவன் குனிந்து கறுப்பியின் வாய் நுரையைத் துடைத்தான்.

"அவரைப் போய்க் கேக்குறீங்களே! கண்ணைப் பாருங்க, கோவைப்பழம். காலையிலயே ஊத்திக்கிட்டா தலை எது, வால் எதுன்னு எங்க தெரியும்? என் பொண்ணைத் தூக்கினப்பவே மரமாட்டம் நின்ன மனுஷன்!"

கறுப்பியின் பின்னங்கால்கள் லேசாக நடுங்கின. அவன் சட்டென்று அதை அணைத்துப் பிடித்தான்.

"சொல்லுங்க சார், உயிர் விஷயம்."

"டியூபைத் திறக்கும்போது என் விரல்ல கசிஞ்சுது. ஒரு துளிதான் இருக்கும்."

"அவ்வளவுதானா?" மருத்துவர் மூச்சு விட்டார். "அப்ப பயமில்ல. கசப்புக்குத்தான் இந்த நுரை. இது பயந்த நடுக்கம். கையை நக்கியிருக்கு."

"கையை இல்ல. முகத்தை."

"முகத்துக்கு மருந்து எப்படி வந்துது?" என்றார் மாமியார்.

அவன் நாயைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"அந்தக் கையால கண்ணைத் துடைச்சுட்டேன், அத்தை. நான் அழுதா இது மடியில ஏறி முகத்தை நக்கிடும். தினம் காலையில இப்படித்தான்."