பெரிய டாக்டர் கை

"நீயா? வேண்டாம். பெரிய டாக்டரைக் கூப்பிடு."

பல் நாற்காலியில் சாய்ந்திருந்த அந்த அம்மா வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சொத்தையை எடுத்துட்டு அடைக்கணும் ஆன்ட்டி, அவ்வளவுதான். நானே பண்ணிடுவேன்" என்றாள் சின்ன டாக்டர்.

"பண்ணுவே, பண்ணுவே. பல்லு என்னோடதாச்சே!"

சின்ன டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்து, பட்டம் வாங்கி, வெள்ளைக் கோட்டு மாட்டியும் இந்தக் கிளினிக்கில் அவள் எடுபிடிதான்.

பெரிய டாக்டர் வந்தார்.

"வாங்கம்மா, சௌக்கியமா? விளக்கு கூசும், கண்ணை மூடிக்குங்க."

அந்த அம்மா கண்ணை மூடியதும், அவர் ஓசைப்படாமல் நகர்ந்து சின்ன டாக்டருக்கு இடம் விட்டார்.

வழக்கம்போல.

கருவி பிடித்துப் பிடித்து அவருடைய கட்டைவிரல் மரத்துப் போயிருந்தது. ஊர் வாயெல்லாம் மரக்க ஊசி போட்டவர், தன் விரலைப் பற்றி எந்த நோயாளியிடமும் மூச்சு விடவில்லை.

ஊசி போட்டது, குடைந்தது, அடைத்தது எல்லாம் சின்ன டாக்டர். தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுத்தது மட்டும் அவர்.

"பேரன் எப்படி இருக்கான்? எந்த கிளாஸ் இப்போ? பேசாதீங்க, வாயைத் திறந்தே வைங்க."

முடிந்ததும் முன்னால் வந்து நின்றுகொண்டார். அந்த அம்மா கண்ணைத் திறந்தாள். பாதி மரத்த வாய் குழறியது.

"வலியே தெரியலையே டாக்டர்! பாத்தியாம்மா, கைன்னா இது கை. பக்கத்துல நின்னு கத்துக்கோ."

பெரிய டாக்டர் ஒரு கணம் தரையைப் பார்த்தார். பிறகு முகம் மலர, கை கழுவப் போனார்.

சின்ன டாக்டர் கையுறையை உருவிக் கூடையில் எறிந்துவிட்டு போனை எடுத்தாள். இன்னொரு கிளினிக்கில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தனி அறை, கதவில் அவள் பெயர். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

'நாளைக்கே வந்து சேர்ந்துக்கறேன்' என்று தட்டினாள். அனுப்பும் முன் வாசலில் ஒரு குரல்.

"கண்ணு!"

கைப்பையை எடுக்கிற சாக்கில் அந்த அம்மா திரும்பி வந்திருந்தாள்.

"இன்னும் என்ன ஆன்ட்டி? அதான் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டேனே."

"கோவிச்சுக்காதே. அவர் விரல் ஒவ்வொண்ணும் இத்தாம் பெரிசு. உதட்டோரம் கிழிஞ்சிடும்போல இருக்கும். கொஞ்ச நாளா என் வாயில வர்றது சின்ன விரல். நான் கண்ணைத்தானே மூடினேன், வாயையா மூடினேன்?"

சின்ன டாக்டர் போனைத் தாழ்த்தினாள்.

"தெரிஞ்சேதான் அவரே வேணும்னு அடம் பிடிச்சீங்களா?"

"என் பொண்ணு நாளைக்கு வர்றா. நேரா சின்ன டாக்டர்கிட்ட போன்னு சொல்லியிருக்கேன். உன்னைத் தேடி வர இனிமேதான் ஆள் இருக்கு. என்னை மாதிரி பழைய ஆளுங்களும் அவரைக் கேக்கலைன்னா, அவர் எதுக்கும்மா காலையில எழுந்து அந்தக் கோட்டை மாட்டணும்?"

வெளியே அடுத்த குரல் கேட்டது.

"பெரிய டாக்டர் இருக்காரா? அவர் பாக்கறதா இருந்தா உக்கார்றேன்."

சின்ன டாக்டர் தட்டி வைத்ததை அழித்தாள். புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"இருக்கார். அவர்தான் பாப்பார். விளக்கு கூசும், கண்ணை மட்டும் மூடிக்குங்க."