சயானில் படுத்த யானை

“சத்தியமாச் சொல்றேன், ஒரு வார்த்தை பொய்யில்லே. வர வழியிலே, சயான்லே நடுரோட்டிலே ஒரு யானை படுத்துண்டுடுத்து. டாக்ஸி எப்படிப் போகும்? அதான் லேட்.”

செம்பூரிலிருந்து மகனுக்குப் பெண் பார்க்க வந்த விசாலாக்ஷி, முகத்தில் ஒரு தசைகூட அசையாமல் சொன்னாள். மகன் அனந்தகிருஷ்ணன் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாணு மாமாவுக்குச் சுருக்கென்றது. பம்பாய் மாதுங்காவில் இந்தப் பொய்ச் சரக்குக்கு அவர்தான் மொத்த வியாபாரி. அவர் வீட்டுக்கே வந்து ஒருத்தி யானையை அவிழ்த்து விடுகிறாள். பொய் என்று கேட்டதுமே தெரிந்துவிட்டது. எதை மறைக்க என்பதுதான் தெரியவில்லை.

காபித் தட்டோடு வந்த ஷ்யாமளா யானையைக் கேட்டு உதட்டைக் கடித்தாள். தட்டை வைத்தாள். பாதி நமஸ்காரத்தில் வாசல் பக்கம் விரைந்தாள்.

ஷ்யாமளாவின் அம்மா, மாமாவின் தங்கை அபயாம்பாள், அண்ணாவைப் பார்த்தாள். காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். “அண்ணா, அவ எழுந்து போனா நீதான் சமாளிக்கணும். ஒன் வாயாலே ஒரு நல்ல காரியம் நடக்கட்டும்.”

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வயது ஷ்யாமளாவுக்கு அடிக்கடி ஒண்ணுக்குப் போக வேண்டும். சிரித்தால், தும்மினால் கொஞ்சம் கசிந்தும் விடும். வருஷம் அறுபத்து நாலு; மாதுங்காவில் பழைய கட்டடம். தெருவைப் பார்த்த நீள வராந்தா, அதன் கோடியில் எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்துக் கக்கூஸ். முன்பு பார்க்க வந்த இரண்டு இடமும், பெண்ணுக்கு ஏதோ வியாதி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போயின. இதுவும் போனால் அபயாம்பாள் தாங்க மாட்டாள்.

“பொண்ணு எங்கே?” என்றாள் விசாலாக்ஷி.

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “கோடி ஆத்துலே ஒரு கிளி இருக்காக்கும். பாலக்காட்டுக் கிளி. ஷ்யாமளாதான் பாட்டுச் சொல்லிக் குடுக்கறா. அது ஸ்வரம் பிசகித்துன்னா இவளுக்கு இருப்புக் கொள்ளாது.”

“எந்த ராகம்?”

“கல்யாணி.”

“கிளிக்குக் கல்யாணி கொஞ்சம் கஷ்டமாச்சே. எங்காத்துக் கிளி மோகனத்தோட நிறுத்திண்டுடுத்து.”

மாமா அசந்துபோனார். அப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்த ஷ்யாமளாவின் காதில் மோகனம் விழுந்தது. தோள் குலுங்கியது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் ஓடினாள்.

“பாருங்கோ, திரும்பவும் பிசகிடுத்து” என்றார் மாமா. மேற்கொண்டு அந்தக் கிளியின் அரங்கேற்றத்தை அவர் தொடங்குவதற்குள் ஷ்யாமளா திரும்பி வந்து நிலைப்படியிலேயே நின்றாள்.

“மாமா, போறும். நீங்க வாயைத் திறந்தா நான் சிரிக்கறேன். சிரிச்சா ஓட வேண்டியிருக்கு. ஓடினா நீங்க இன்னொரு கதை சொல்றேள்.” விசாலாக்ஷி பக்கம் திரும்பினாள். “மாமி, கிளியும் இல்லே, கல்யாணியும் இல்லே. எனக்கு அடக்க முடியறதில்லே. சிரிச்சாக் கசியறது.”

அபயாம்பாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

விசாலாக்ஷி காபியை ஒரு வாய் குடித்தாள். “டாக்டர்கிட்டே காமிச்சியா?”

“கிங்ஸ் சர்க்கிள் லேடி டாக்டர்கிட்டே. சர்க்கரை இல்லே, சீழும் இல்லேன்னா. ஃபோர்ட் ஏரியாவிலே எங்க ஆபீஸ்லே கக்கூஸ் ரெண்டு மாடி கீழே. அதுக்குப் பயந்து காலம்பரலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டேன், காபிதான். அதான் தப்பாம். மூத்திரம் கடுத்துப்போய்ப் பை இன்னும் முரண்டு பண்ணுமாம்.”

“அப்புறம்?”

“தண்ணி சரியாக் குடிக்கணும், காபியைக் குறைக்கணும். தோணினதும் ஓடாம கொஞ்சம் பொறுத்துப் போய்ப் பழகணும். அடிப்பக்கத்துத் தசையை இறுக்கி இறுக்கி விடணும். சில மாசத்துலே குறையும்னா.”

“பிள்ளை பெத்தவாளுக்குத்தான் இது வரும்பா.”

“கல்யாணம் ஆகாதவாளுக்கும் வருமாம் மாமி. வெளியிலே சொல்லிக்க மாட்டாளாம், அவ்வளவுதான்.”

 

“எனக்கு ஒன் வயசிலே இருந்தது” என்றாள் விசாலாக்ஷி. “மாமியாருக்குத் தெரியாம இருக்கணும்னு நானும் தண்ணியை விட்டேன். ஒனக்காவது ஒரு டாக்டர் சொன்னா.” பிறகு மகனைப் பார்த்தாள். “அனந்து, ஒன் அபிப்பிராயம் என்னடா?”

அதுவரை வாயே திறக்காத அனந்தகிருஷ்ணன் ஷ்யாமளாவைப் பார்த்து, தன் வாழ்நாளின் முதல் காதல் வசனத்தைச் சொன்னான்.

“செம்பூர்லே எங்காத்துலே கக்கூஸ் உள்ளேயே இருக்கு.”

ஷ்யாமளா சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள். அபயாம்பாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெற்றிலைத் தட்டை எடுக்க உள்ளே ஓடினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தும் நாணு மாமாவுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எல்லாம் சரி, கேட்டேளா. தொழில் முறையிலே கேக்கறேன். அந்த யானை?”

விசாலாக்ஷி டவராவைக் கீழே வைத்தாள்.

“யானையுமில்லே, ஒண்ணுமில்லே. நாலு மணிக்கே வந்துட்டோம். கீழே நின்னு அண்ணாந்து பாத்தா, பட்டுப் புடவையோட ஒங்காத்துப் பொண்ணு வராந்தாவிலே கோடிக்கு ஓடிண்டிருந்தா. சரி, வரட்டும்னு நின்னோம். வந்தா. நாங்க படியிலே கால் வெச்சோம், மறுபடியும் ஓடினா. குழந்தை பதறாமப் போயிட்டு வரட்டும்னு தெருவிலேயே நின்னுட்டோம்.”