கல் குடித்த தண்ணீர்

கடலோர டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் தேய்ந்துபோன எழுத்துகளைப் படிக்க, காவலாளி சவரிராயன் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார். நனைந்ததும் எழுத்து கறுப்பாக எழும்பும். அவர் குடத்தை நிரப்பப் போயிருந்தபோது மகளோடு சுற்றிப் பார்க்க வந்திருந்த பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை. சுவரோரம் இருந்த ஒரு குழந்தையின் சின்னக் கல்லறைமேல் மகள் யாழியின் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தாள். எழுத்து எழும்பவில்லை. ஒரு சொட்டுகூட வழியாமல் தண்ணீர் கல்லுக்குள் போயிற்று. அடியில் யாரோ மடக் மடக்கென்று விழுங்குவது கேட்டது.

திரும்பி வந்த சவரிராயன் காலி பாட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "யாரு வாய் வச்ச தண்ணிம்மா அது?"

"பாப்பா குடிச்ச மிச்சம். ஏங்க?"

"எச்சித் தண்ணியவா ஊத்துனீங்க! நான் எதுக்கு அம்புட்டு தூரம் போயி குடத்துல கொண்டாறேன்னு நெனச்சீங்க?" அவர் குடத்தைக் கீழே வைத்தார். "மொதல்ல புள்ளையத் தூக்கிட்டுக் கெளம்புங்க."

பூங்கோதை பாட்டிலை அங்கேயே போட்டாள். மகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். யாழி ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்று வாங்கினாள். அதையும் குடித்துவிட்டு, காய்ந்து வெடித்த உதட்டை நக்கினாள்.

"போதுமாடி?"

"எனக்கு இன்னும் ஒரு சொட்டுகூட வரலையேம்மா."