நிறுத்தக் கூடாத கணினி

"நிப்பாட்டக் கூடாது எண்டது மாமாதான்" என்றாள் வசந்தினி.

கணினி திருத்த வந்த சுதாகரன் குனிந்து பார்த்தான். நிறுத்தும் பொத்தானுக்கு மேல் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது.

இதே கணினியில் வீட்டுப் பிளான் வரைந்துவந்த அவளுடைய புருஷன் மயூரதன் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய் இரண்டு மாதம். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாளே மாமா நமசிவாயம் மகனின் உடுப்புகளை ஊருக்குக் கொடுத்துவிட்டார். "போனவன் போயிட்டான்" என்றார். கண் கலங்கவில்லை.

ஆனால் கறண்ட் போனால் கணினி பழுதாகும் என்று புதுப் பற்றரி வாங்கி வைத்தார். காலையில் அவள் வேலை தொடங்குமுன் திரைக்கு முன்னால் போய் நிற்பார். வேவு பார்க்கிறார் என்று அவளுக்கு ஆத்திரம்.

நொத்தாரிசுக்குக் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டச்சுச் செய்துதான் அவள் சீவியம். இப்போது ஒரு பக்கம் திறக்கவே கால் மணித்தியாலம். பின்னேரத்துக்குள் உறுதி வராவிட்டால் வேறு ஆளைப் பிடிப்பேன் என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார்.

நினைவகம் தொண்ணூற்றெட்டு வீதம் நிரம்பியிருந்தது. திறந்திருந்தவற்றின் பட்டியலைக் கூட்டினால் காற்பங்கும் வரவில்லை.

"இதிலை உங்கடை வேலை மட்டும்தான் காட்டும், அக்கா. வேறை ஆரோ உள்ளை இருக்கினம்."

சுதாகரன் பாவிப்பவர்களின் பெயர்கள் வரும் முகப்புத் திரைக்குப் போனான். அவள் பெயருக்குக் கீழே மயூரதன் பெயர். அந்தப் பக்கம் அவள் கண்ணைக் கொண்டுபோவதேயில்லை. அதன் கீழே சின்ன ஆங்கில எழுத்தில், உள்ளே இருக்கிறார் என்று கிடந்தது.

"அண்ணை கீறின வீட்டுப் பிளான் எல்லாம் இன்னும் திறந்தபடி கிடக்குது போலை. அதுதான் இடத்தைப் பிடிச்சிருக்கு. ஒருக்கா நிப்பாட்டினால் சரி."

அவன் நாடாவைப் பாதி உரித்தபோது வாசலில் மாமா.

"கூடுதலா மெமறி வாங்கிப் போடேலாதோ, தம்பி?"

"போடலாம் ஐயா. அதுக்கும் நிப்பாட்டத்தான் வேணும்."

"நிப்பாட்டினால் உந்த எழுத்து?"

"போயிடும்."

மாமா கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லா இடத்திலையும் அவன் இல்லையெண்டு எழுதிப் போட்டாங்கள். உதிலை மட்டும்தான் இருக்கிறான் எண்டு கிடக்கு."

வசந்தினி நாடாவைத் திரும்ப அழுத்தி ஒட்டினாள். பிறகு நொத்தாரிசுக்குத் தொலைபேசி எடுத்து, வேறு ஆளைப் பிடிக்கச் சொன்னாள்.